பேராவூரணிக்குப் பிறகு

2024, ஜூலை 8, திங்கள்

எட்டாம் வகுப்பில் ஆகுபெயர் நடத்தினேன். 'ஊர் சிரித்தது' என்று பலகையில் எழுதிவிட்டு, ஊர் எப்படிச் சிரிக்கும் என்று கேட்டேன். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்துச் சொல்ல வேண்டியது வரவில்லை. தமிழாசிரியையாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வருடா வருடம் சொல்லிவந்த வாக்கியம். நாக்கு நுனியில்கூட இல்லை. அதற்கும் கீழே எங்கோ கிடந்தது. கடைசியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி, "ஊர்ல இருக்கிறவங்க சிரிச்சாங்க டீச்சர்" என்றாள். சரி, உட்கார் என்றேன்.

நீண்ட மருத்துவ விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. தூக்கத்தையும் மனநிலையையும் தினமும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் மாளவிகா. தூக்கம் சரி. மனநிலை மேலே எழுதியதுதான்.

ஜூலை 11

மனம் மெழுகிய தரை மாதிரி இருக்கிறது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. யாராவது வந்து ஒரு கால் தடம் பதித்தால் தேவலை.

ஜூலை 14, ஞாயிறு

பம்புசெட் தண்ணீரை நம்பி விட்ட குறுவை நாற்றங்கால். வேலிப் படலைச் சாத்த மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஆடுகள் புகுந்து பாதியை மேய்ந்துவிட்டன.

என் வீட்டுக்காரர் வரப்பில் நின்று பார்த்தார். அண்ணாதுரை. எழுதும்போது மட்டும்தான் அவர் பெயரைச் சொல்ல வருகிறது. கோபக்காரர். முன்பெல்லாம் மோட்டாரை நிறுத்த மறந்தால் தெருவுக்கே கேட்கும். நானும் விடமாட்டேன், பதிலுக்குப் பதில் பேசுவேன். இன்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல மதி. வெதை இருக்கு, தெளிச்சுக்கலாம்" என்றார்.

கயலும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற எங்கள் பெண். சீப்புக்கும் ரிமோட்டுக்கும் என்னோடு மல்லுக்கு நின்றவள். இப்போது எதைச் சொன்னாலும் "சரிம்மா". குளிம்மா, சரிம்மா. படிம்மா, சரிம்மா. நோயாளி தூங்கும் அறையில் நடக்கிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் என்னைச் சுற்றி ஓசைப்படாமல் நடக்கிறார்கள்.

ஒரு தடவை திட்டினால் என்ன? ஆடு மேய்ந்தது நிஜம்தானே?

ஜூலை 21

பேராவூரணியில் நடந்ததை எழுதிப் பார்த்தீர்களா என்று டாக்டர் போன முறை கேட்டார். இல்லை என்றேன். இன்று எழுதுகிறேன்.

சென்ற வருடம் சித்திரை. கோயில் திருவிழாப் பட்டிமன்றம். நடுவர் பஞ்சநதம் ஐயா. நான் பேசிய மேடைகளில் முக்கால்வாசிக்கு அவர்தான் நடுவர். அப்போது டெல்டா முழுக்க எனக்கு மேடை இருந்தது. நோட்டீஸில் 'சொல்லின் செல்வி மதிவதனி' என்று போடுவார்கள். அந்தச் சித்திரைக்கு முன் சில வாரமாக எனக்குத் தூக்கமே தேவைப்படவில்லை. பள்ளி, வீடு, மேடை, மறுபடி பள்ளி. சோர்வே இல்லை. நினைப்பதற்கு முன்னால் வாய்க்கு வார்த்தை வந்துவிடும். ஒன்றைச் சொல்லும்போதே அடுத்த மூன்று வரிசையில் நிற்கும். எல்லாமே சிரிப்பை வரவழைக்கும்.

அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தது. நேரம் முடிந்து மணி அடித்தார் ஐயா. நான் அந்த மணியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கூட்டம் கை தட்டியது. அப்புறமும் பேசினேன். எப்போது சிரிப்பு நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினேன், எங்கள் வீட்டைப் பற்றிப் பேசினேன். கயல் எனக்கு மட்டும் ரகசியமாகச் சொன்ன ஒன்றை மைக்கில் சொன்னேன். அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கை அணைத்துவிட்டார்கள். மைக் இல்லாமல் பேசினேன். அவர் மேடையேறி வந்து என் கையைப் பிடித்தபோது, "பாருங்கள், இதுதான் உறவு" என்று கூட்டத்துக்குக் காட்டினேன்.

யாரோ போனில் எடுத்தார்கள். போன் போனாகச் சுற்றியது.

அப்புறம் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி. இருதுருவ மனநோய் என்றார்கள். ஏறியது இறங்கும் என்றார்கள். இறங்கியது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பல் தேய்ப்பது பெரிய வேலை. ஏன் உயிரோடு இருக்கிறேன் என்று கேட்டுக்கொள்ளக்கூடத் தெம்பு இல்லாத நாட்கள். அதிலிருந்து ஏறி இந்த மெழுகிய தரைக்கு வந்திருக்கிறேன். டாக்டர் இதை முன்னேற்றம் என்கிறார். முன்னேற்றம்தான்.

ஆனால் — இவ்வளவும் தெரிஞ்சும் — அந்த முதல் கால் மணி நேரம் இருக்கே. அது வேணும் எனக்கு. ஒரே ஒரு தடவையாவது.

ஜூலை 28

எதற்கு மேடை என்று யோசித்தேன். கைதட்டலுக்கு மட்டுமா?

என் அப்பா ஐயாவு ஒரு பண்ணையார் வீட்டில் வேலை பார்த்தவர். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்கு வெளியே நிற்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், அதுவும் பாதி வார்த்தையில். சொந்த ஊர்க் கோயில் திருவிழாவில் நான் முதல் தடவை பேசியபோது அதே வீட்டுக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்தார்கள். அப்பா மைக்செட் வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஏன்ப்பா உட்காரவில்லை என்று பிறகு கேட்டேன். "நின்னாத்தான் நல்லா கேக்குது" என்றார்.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. பேராவூரணியைப் பார்க்காமல் போனார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. இந்த வருடம் தண்ணீர் வருமா வராதா என்று கடைசி வரைக்கும் பேச்சு. எப்படியோ குடமுருட்டி ஆற்றில் வந்துவிட்டது. கலங்கல் தண்ணீர், நுரை, மிதந்து போகிற காதோலை கருகமணி. கயலுக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டேன். "சரிம்மா" என்று கழுத்தைக் காட்டினாள்.

கரையில் நிற்கும்போது பஞ்சநதம் ஐயா போன் செய்தார். ஐப்பசியில் மயிலாடுதுறையில் ஒரு மண்டபத்தில் பட்டிமன்றமாம்.

"உங்க இடம் காலியாத்தாம்மா இருக்கு. அவசரம் ஒண்ணும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"வர்றேங்கய்யா" என்றேன். யோசிக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரும் கயலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 6

கொல்லையில் நின்று பேசிப் பார்த்தேன். "நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பள்ளிக் கட்டுரை. முன்னுரை, பொருளுரை. குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாத்திரைதான் காரணம். வேறென்ன? நாக்கில் எப்போதும் ஒரு தகரச் சுவை. தாகம். கை நடுக்கம். சட்டென்று ஒரு பதில் சொல்ல வாயெடுத்தால் பேச்சு அதைத் தாண்டிப் போயிருக்கிறது. மாத்திரை நோயைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறது. கட்டின கயிற்றில் நானும் சேர்ந்து மாட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலை மாத்திரை போடவில்லை. ராத்திரி மாத்திரை போடுவேன். ஒரு வேளைதானே. மயிலாடுதுறை முடிகிற வரைக்கும்தான்.

ஆகஸ்ட் 13

இன்றும்.

ஆகஸ்ட் 23

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. "உங்க முருங்கைக்கா தனக்கும் ஒரு டிக்கெட் கேக்குது" என்றேன். அவர் சிரித்தார், கண்டக்டர் சிரித்தார். வாயிலிருந்து அதுவாக வந்தது. எவ்வளவு நாளாச்சு.

செப்டம்பர் 1, ஞாயிறு

வயல் எப்படிப் பச்சையாக இருக்கிறது. ஒரே பச்சை இல்லை, நட்ட பச்சை, பிடித்த பச்சை, தூர் கட்டின பச்சை, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணில் அடிக்கிறது. இத்தனை நாளாக எங்கே போயிருந்தன இவையெல்லாம்? மயிலாடுதுறைப் பேச்சைப் பாதி எழுதிவிட்டேன். எழுதுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. கை வேகம் போதவில்லை. விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு இட்லி ஊற்றிச் சட்னி அரைத்து அலமாரியைத் துடைத்து அடுக்கி, அப்புறமும் மணி ஆறு ஆகவில்லை. இது நோய் இல்லை. இது நான். நான் திரும்பி வருகிறேன், அவ்வளவுதான். திரும்பி வரக் கூடாதா?

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். மாணவர்கள் கேட்டார்கள், பேசினேன். பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிப்பு. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பழைய மதி டீச்சர் வந்துட்டாங்க" என்றார்.

பழைய மதி டீச்சர். அதை நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் இட்லி சாப்பிடும்போது, ஆசிரியர் தினத்தில் தலைமையாசிரியர் மாலையோடு நாற்காலி கிடைக்காமல் அலைந்ததை நடித்துக் காட்டினேன். கயல் சிரித்தாள். மூக்கில் தண்ணீர் ஏறுகிற அளவுக்கு. அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு உள்ளே என்னவோ பொங்கியது. இன்னும் ஒன்று சொன்னேன்.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். என் கண்ணைப் பார்த்தாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பது மாதிரி, இரண்டு கண்ணையும் மாறி மாறி.

"அம்மா, நேத்து தூங்குனியா?"

"தூங்குனேன்."

"மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

"சரிம்மா" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சற்று நேரம் கழித்துக் கொல்லைப் பக்கம் அவள் குரல் கேட்டது. அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த வாரம் அம்மா ஸ்கூல் விட்டு வந்ததும் தனியா விட்டுட்டு வயலுக்குப் போவாதீங்கப்பா. நான் வர்ற வரைக்கும் இருங்க." அழவில்லை. பெரிய மனுஷி மாதிரி, ஏற்பாடு செய்கிற குரல்.

என் பேச்சைக் கேட்டு என் பிள்ளை பயப்படுகிறாள். அவள் சிரித்தது நிஜம். பயந்ததும் நிஜம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இல்லை.

யாருக்காக இந்தப் பேச்சு வேணும்னு கேட்டேன்? யாருக்கு?

செப்டம்பர் 9

பள்ளி விட்டதும் நேரே வயலுக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டேன். வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தார். நான்கு வாரமாகக் காலை மாத்திரை போடவில்லை என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"கோலம். நான் எந்திரிக்கிறதுக்குள்ள போட்டு முடிச்சிருக்க. நாளுக்கு நாள் பெருசாயிட்டே வருது. நேத்து தெருவுக்கே வந்துருச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப? போட்டேன்னு சொல்லியிருப்ப. அப்புறம் நான் எத நம்புறது?" மதகில் தங்கிய சருகை எடுத்துத் தண்ணீரில் விட்டார். "எனக்கும் அந்தப் பேச்சு புடிக்கும் மதி. அதக் கேட்டுட்டுத்தான் உன்னக் கட்டிக்கணும்னு வீட்ல ஒத்தக் கால்ல நின்னேன். எனக்கு மட்டும் அது வேணாமா?"

இத்தனை நாளில் அவர் இதைச் சொன்னதே இல்லை. எனக்கு மட்டும்தான் இழப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே ஆளுக்காக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறோம், பேசிக்கொள்ளாமல்.

செப்டம்பர் 11

தஞ்சாவூர். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். டாக்டர் மாளவிகா திட்டவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கேட்டார்: "எது போன மாதிரி இருக்கு உங்களுக்கு?"

சொன்னேன். வார்த்தை போன மாதிரி இருக்கிறது. கை காலை வெட்டியிருந்தால்கூட ஊருக்குத் தெரியும், இது யாருக்கும் தெரியவில்லை என்றேன். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்களா நிறுத்துனா ஆபத்து. எங்கிட்ட சொன்னா, ரத்தத்தப் பாத்துக்கிட்டே அளவ மாத்திப் பாக்கலாம். மந்தமா இருக்கிறதெல்லாம் உங்க தலையெழுத்துன்னு நெனைக்காதீங்க."

"அந்த வேகம் திரும்ப வருமா டாக்டர்?"

பொய் சொல்லாமல் இருக்க யோசிக்கிறார் என்று தெரிந்தது. "அது முழுசா வராது. அதுல நோயோட வேகம் இருந்துச்சு. உங்க வேகம் எவ்வளவுங்கிறது எனக்கும் தெரியாது. இனிமேதான் பாக்கணும்."

காலை மாத்திரையை மறுபடி போடச் சொல்லி, இப்போதைக்கு ராத்திரி மாத்திரையோடு இன்னொன்றும் சேர்த்திருக்கிறார். சில வாரம் சோர்வு வரலாம் என்றார். வந்தால் உடனே கூப்பிடச் சொன்னார்.

செப்டம்பர் 22

வந்துவிட்டது.

செப்டம்பர் 29

எழுத ஒன்றுமில்லை. குளித்தேன். அதை எழுதலாம்.

அக்டோபர் 4

மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவர் வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார். போன தடவை மாதிரி ஆகிவிடுமோ? கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன். "போன தடவ என்னன்னே தெரியாது நமக்கு. இந்தத் தடவ தெரியுது" என்றார். டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். பேசினேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

பஞ்சநதம் ஐயாவைக் கூப்பிட்டேன். மயிலாடுதுறைக்கு வர முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன், மறைக்காமல்.

"சரிம்மா. தை மாசம் இன்னொண்ணு வரும். அப்ப கேப்பேன். அப்பவும் முடியாதுன்னா சித்திரையில கேப்பேன். கேக்குறது என் வேலை. முடியாதுங்கிறது உங்க உரிமை."

போனை வைத்துவிட்டு அழுதேன். அழுகை வந்ததே பெரிது. போன வருடம் அதுவும் வரவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று மயிலாடுதுறையில் பட்டிமன்றம். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன்.

இந்நேரம் மைக்கைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ. பின்வரிசையில் நாற்காலி இழுக்கிற சத்தம். ஐயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தலைப்பைச் சொல்வார். முதல் பேச்சாளர் எழுந்திருப்பார். ஒரு கூட்டம் சிரிப்பதற்கு முன் மூச்சை இழுத்துப் பிடிக்குமே, அந்த அரை நொடி. அது என் வார்த்தைக்காகக் காத்திருக்கிற அரை நொடி. அதுக்காக என்ன வேணும்னாலும் கொடுப்பேன்னு ஒரு காலத்துல நெனச்சேன். கொடுக்கவும் பாத்தேன்.

என் இடத்தில் இன்று யார் உட்கார்ந்திருப்பார்கள்?

இங்கே தவளைச் சத்தம். கயல் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 28

மூன்று நாளாக விடாத மழை. சம்பா மூழ்கிக் கிடக்கிறது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் நகரவில்லை. அவர், பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அரிவாளால் அறுத்து இழுத்தார்கள். நான் கரையில் நின்று வாங்கி வாங்கிப் போட்டேன். பாதி வடிந்திருக்கிறது. பயிர் நுனி தெரிகிறது. பிழைக்குமா என்று இன்னும் இரண்டு நாள் போனால்தான் தெரியும்.

வேலை முடிந்து கை காலெல்லாம் வலி. இதைச் சோர்வு என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் வருகிற அசதி.

டிசம்பர் 15

மாத்திரை அளவை மாற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பரிசோதனையில் சரியாக இருக்கிறது. நடுக்கம் குறைந்திருக்கிறது. வகுப்பில் சொற்கள் வருகின்றன. முன்பு ஓடி வரும், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு. இப்போது நடந்து வருகின்றன. ஒன்று வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுத்தது கிளம்புகிறது. ஆனால் வருகின்றன.

பயிர் முக்கால்வாசி தேறிவிட்டது.

2025, ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். ஐயா சொன்னபடி கேட்டுவிட்டார். பிப்ரவரியில், அதே மயிலாடுதுறை. டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். டாக்டர், இரவு நேரத்தோடு தூங்க முடிந்தால் போங்கள் என்றார். ஐயாவிடம் சொன்னேன். "மொதல்ல உங்களப் பேச விட்டு அனுப்பிடுறேன்" என்றார்.

கயலிடம், "நீ வரணும்னு இல்லடா" என்றேன்.

"வர்றேன்."

"பயமா இருக்கா?"

"சும்மா வர்றேம்மா" என்று மாட்டுக்குக் குங்குமம் வைக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போய் வந்தாயிற்று.

தாளில் எழுதிக்கொண்டு போனேன். முன்பு தாளைத் தொட்டதே இல்லை. நடுவர் அவர்களே என்றபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பாதி வரைக்கும் நன்றாகப் போயிற்று. இரண்டு இடத்தில் சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை. அப்புறம் ஒரு வார்த்தை வரவில்லை. தாளில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. மண்டபம் அமைதியானது. முன்வரிசையில் கயல் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். ஓடிவிடலாமா?

"கொஞ்சம் இருங்க. தேடி எடுத்துச் சொல்றேன்" என்றேன். உண்மையாகவே சொன்னேன். அதற்குக் கூட்டம் சிரித்தது, இதமாக. காத்திருந்தார்கள். எனக்காக ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் சும்மா உட்கார்ந்து காத்திருந்தார்கள். வார்த்தை கிடைத்தது. சொன்னேன். நேரத்துக்குள் முடித்து உட்கார்ந்தேன்.

தீர்ப்பு எதிரணிக்கு. சரியான தீர்ப்புதான்.

பழைய கைதட்டல் இல்லை. இனி வராது என்று நினைக்கிறேன். திரும்பி வரும் வழியெல்லாம் அதற்காக நெஞ்சு வலித்தது. அவர் வண்டி ஓட்டிக்கொண்டே, "அந்த மாமியார் கதை நல்லா இருந்துச்சு" என்றார். ஒன்றைத்தான் சொன்னார். அதனால் நம்பினேன்.

பிப்ரவரி 16

கயல் பள்ளியின் தலைமையாசிரியை போன் செய்தார். மயிலாடுதுறைக்கு அவருடைய உறவினர் வந்திருந்தாராம். ஆண்டு விழாவுக்குச் சிறப்புரை ஆற்ற வர முடியுமா என்று கேட்டார். சந்தோஷத்தில் சரி என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

சாயங்காலம் கயல் பையைத் தூக்கி எறிந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"எங்க ஸ்கூல்ல நீ பேசப் போறியா?"

"ஆமாடா. உங்க ஹெச்செம்—"

"என்னக் கேட்டியா? என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அவள் குரல் இவ்வளவு உயரும் என்பதே எனக்கு மறந்திருந்தது. அவர் அடுப்படியிலிருந்து வந்தார்.

"அந்த வீடியோவ எங்க கிளாஸ்ல எத்தன பேரு பாத்தாங்க தெரியுமா? நான் உங்கிட்ட சொன்னதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. ஒரு வருஷம். நான் டாய்லெட்ல போயி சாப்பிட்டேன். உங்கிட்ட ஒரு வார்த்த சொன்னேனா? அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டேன். இப்பத்தான் எல்லாரும் மறந்தாங்க. இப்ப நீ அங்கயே வந்து மைக் புடிக்கப் போற. ஒனக்கு ஒன் பேச்சுதான் முக்கியம். எப்பவும் அதுதான்."

"கயலு, மெதுவா. அம்மாவுக்கு—" என்றார் அவர்.

"விடுங்க. அவ பேசட்டும்" என்றேன்.

பேசினாள். இன்னும் நிறையப் பேசினாள். நியாயமும் இருந்தது, அநியாயமும் இருந்தது. சீப்பு, ரிமோட், எப்போதோ வாங்கித் தராத சைக்கிள் எல்லாம் வந்தது. நான் நின்று கேட்டேன். ஒரு இடத்தில் எனக்கும் கோபம் வந்து, "அதுக்காக இப்படியா கத்துவ?" என்றேன். "கத்துவேன்" என்றாள். அறைக் கதவைச் சாத்திய வேகத்தில் மேலே மாட்டியிருந்த காலண்டர் விழுந்தது.

பேசும்போது ஒரு தடவைகூட அவள் என் கண்ணை உற்றுப் பார்க்கவில்லை. தூங்கினாயா என்று கேட்கவில்லை. நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்திருந்தால் இப்படிக் கத்தியிருக்க மாட்டாள்.

அவர் காலண்டரை எடுத்து மாட்டினார். நான் முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் தனியாகச் சாப்பிட்ட இடத்தை நினைத்து. ஒரு வருடம். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அதே ஒரு வருடம்.

தூக்கம்: தாமதமாக வந்தது. வந்தது.

பிப்ரவரி 20

தலைமையாசிரியையைக் கூப்பிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். கயலிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆண்டு விழாவுக்கும், பேராவூரணிக்கும். சாத்திய கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்க முடிந்தது. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

பிப்ரவரி 21, வெள்ளி

கயல் இன்னும் என்னோடு பேசவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவள், சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "சாம்பார்ல உப்பே இல்லன்னு சொல்லுங்கப்பா" என்றாள், எனக்குக் கேட்கும்படியாக. அவர் என்னைப் பார்த்தார்.

உப்பு இல்லைதான். எழுந்துபோய் எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். என் பக்கம் பார்க்காமலே போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.